சம்பளம் கேட்காமல் வந்த கணக்குப்பிள்ளை: மைக்ரோசாஃப்ட்டின் பிஐ உத்தியும் பாசிர் பாஞ்சாங்கில் ஓர் அலுவலகமும்

2025 மார்ச் மாதக் கடைசி வாரம். சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்கு அருகில் இருக்கும் ஒரு மளிகை இறக்குமதி நிறுவனத்தின் மாடி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பருப்பு, அரிசி, மிளகாய், அப்பளம் எனத் தமிழ்நாட்டிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வரவழைத்து, தீவு முழுக்கக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் அனுப்புபவர்கள். முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு தாளைப் பார்த்தார். தரவைப் படங்களாகக் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான பவர் பிஐயின் புரோ லைசன்ஸ் ஏப்ரல் 1 முதல் ஆள் ஒன்றுக்கு மாதம் 10 அமெரிக்க டாலரிலிருந்து 14 டாலராகிறது.

"நாற்பது பர்சன்ட். துவரம்பருப்பு விலையை நான் ஒரே நாளில் இப்படி ஏற்றினால் எந்தக் கடைக்காரன் நம்மகிட்ட வருவான்?" என்று கேட்டார்.

யாரும் வரமாட்டார்கள்தான். ஆனால் அவரே அந்தத் தாளில் கையெழுத்துப் போடப்போகிறார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 38 லைசன்ஸ், மாதம் 380 டாலர் 532 ஆகிறது. பெரிய தொகை இல்லை. ஆனாலும் வேறு கடைக்குப் போக முடியாத நிலைக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்ற கேள்வி அன்று முழுக்க மண்டையைக் குடைந்தது. இந்த ஆய்வு அதற்கான என் பதில். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கருவியை அங்கே கொண்டுபோய் வைத்தவன் நான்தான். அதற்குக் காசும் வாங்கியிருக்கிறேன்.

தனியாக விலை வைக்காத சரக்கு

வணிக நுண்ணறிவு, அதாவது எல்லோரும் பிஐ என்று சொல்லும் துறை, 1990களில் பணக்காரத் துறை. விற்பனைத் தரவைப் பொருள், ஊர், மாதம் என்று பல பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்க்க உதவும் மென்பொருளை வங்கிகளும் பெரிய நிறுவனங்களும்தான் வாங்கின. ஹைப்பீரியன், காக்னோஸ், பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் என்று அதற்கென்றே தனி நிறுவனங்கள் இருந்தன. மைக்ரோசாஃப்ட் அந்தப் பட்டியலில் இல்லை.

1996இல் அது பனோரமா என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை வாங்கியது. அதோடு வந்தவர்களில் ஒருவர் அமீர் நெட்ஸ். இன்றைக்கு பவர் பிஐ பற்றி மைக்ரோசாஃப்ட் மேடையில் பேசுகிறவர்களில் முக்கியமானவர் அவர்தான். ஒரு துறையில் ஒரே ஆள் இத்தனை காலம் இழையறாமல் நிற்பது மென்பொருள் உலகில் அபூர்வம். இந்தக் கதையின் தொடர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வாங்கிய தொழில்நுட்பத்தைத் தனிச் சரக்காக அவர்கள் விற்கவில்லை. 1998இல் வெளிவந்த தங்கள் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் 7.0இல் ஓலாப் சர்வீசஸ் என்ற பெயரில் உள்ளே வைத்துவிட்டார்கள். டேட்டாபேஸ் வாங்கினால் இதுவும் கூடவே வரும். அடுத்த பதிப்பில் அதன் பெயர் அனாலிசிஸ் சர்வீசஸ். 2004 தொடக்கத்தில் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் வந்தது. அதுவும் எஸ்க்யூஎல் சர்வர் லைசன்ஸுக்குள் அடக்கம். மற்றவர்கள் தனி விலை போட்டு விற்றதை இவர்கள் கொசுறாகக் கொடுத்தார்கள். காய்கறிக் கடையில் கறிவேப்பிலை கொடுப்பதுபோல. கறிவேப்பிலையை மட்டும் விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்போதே உத்தி முழுவதும் தெரிந்துவிட்டது என்பது என் கருத்து. தோற்றுப்போன ஒரு முயற்சியைத் தவிர, மைக்ரோசாஃப்ட்டுக்கு பிஐ விற்பனைச் சரக்காக இருந்ததில்லை. வேறொன்றை வாங்க வைக்கும் காரணமாகவே இருந்திருக்கிறது. அந்த வேறொன்று எது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது: முதலில் டேட்டாபேஸ், பிறகு ஆஃபிஸும் அலுவலகக் கோப்புகளைப் பகிரும் ஷேர்பாயிண்ட்டும், பிறகு மாதச் சந்தா, இப்போது கிளவுட்டின் கணிப்புத்திறன், அதாவது இணையம் வழி வாடகைக்குக் கிடைக்கும் கணினிச் சக்தி.

தப்பான வீட்டில் குடியிருந்த காலம்

2007ஆம் ஆண்டைத் துறையில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மார்ச்சில் ஹைப்பீரியனை ஆரக்கிள் 330 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அக்டோபரில் பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸை எஸ்ஏபி பிடித்தது. நவம்பரில் காக்னோஸ் ஐபிஎம் கைக்குப் போனது, சுமார் 500 கோடி டாலர். ஒரே ஆண்டில் தனி பிஐ நிறுவனங்களில் பெரியவை மூன்றும் பெரிய வீடுகளுக்கு மருமகள்களாகப் போயின.

மைக்ரோசாஃப்ட் சும்மா இருக்கவில்லை. 2006இல் புரோகிளாரிட்டியை வாங்கியது. 2007இல் பர்ஃபார்மன்ஸ்பாயிண்ட் சர்வர் என்ற தனிப்பொருளை இறக்கியது. பெரியவர்கள் விற்பதுபோலவே திட்டமிடலும் மதிப்பீடும் சேர்ந்த, நிதிப் பிரிவுக்கான பொருள். அது இரண்டு ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 2009 ஜனவரியில் தனிப்பொருளை நிறுத்துவதாக அறிவித்து, திட்டமிடல் பகுதியைக் கைவிட்டு, மீதியை ஷேர்பாயிண்ட்டுக்குள் தள்ளிவிட்டார்கள்.

பிஐயைத் தனிச் சரக்காக விற்கப் பார்த்தபோது தோற்றார்கள், சரி. அடுத்து நடந்தது அதைவிடச் சுவாரஸ்யம். 2010இல் எக்செலுக்குப் பவர்பிவட் என்ற இலவசச் சேர்க்கை வந்தது. எக்செல் தாளில் 10,48,576 வரிசைக்கு மேல் போக முடியாது. பவர்பிவட்டுக்கு அந்த வரம்பு இல்லை. தரவை நெடுக்குவாட்டில் சுருக்கி நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் வெர்ட்டிபாக் எஞ்சினும், டாக்ஸ் என்ற சூத்திர மொழியும் அப்போது பிறந்தவை. இன்றைய பவர் பிஐயின் இதயம் இதேதான். அதாவது 2010இலேயே கையில் தங்கம் இருந்தது.

அதை வைத்துக்கொண்டு ஐந்து ஆண்டுகள் தடுமாறினார்கள். பவர்பிவட்டில் செய்ததை அலுவலகத்தில் நாலு பேருக்குக் காட்ட ஷேர்பாயிண்ட் சர்வர் வேண்டும். அதை நிறுவ ஐடி துறை வேண்டும். எக்செல் 2013 வந்தபோது, முந்தைய பதிப்பில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்றிருந்த பவர்பிவட் விலையுயர்ந்த புரோபிளஸ் பதிப்புக்குள் போய்ச் சேர்ந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, தனியாக வாங்கும் எக்செலிலும் கொடுத்தார்கள். அழகாகப் படம் வரைய வந்த பவர் வியூவுக்கு சில்வர்லைட் என்ற உலாவிச் செருகுநிரல் வேண்டும். 2014 பிப்ரவரியில் வந்த 'பவர் பிஐ ஃபார் ஆஃபிஸ் 365'க்கும் சரியான எக்செல், சரியான ஷேர்பாயிண்ட் சந்தா எல்லாம் ஒத்துவர வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு எந்த எக்செலில் எது வேலை செய்யும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த அட்டவணையைப் புரிந்துகொள்ளவே ஒரு பிஐ கருவி தேவைப்பட்டது.

இதே காலத்தில் போட்டி பிஐ நிறுவனமான டாப்லோ ஐடி துறையின் கதவைத் தட்டவே இல்லை. நேராக வேலை செய்பவரின் மேசைக்குப் போனது. நிபுணர் பதிப்பு 1,999 டாலர். துறைத் தலைவர் ஒருவர் தன் செலவுக் கணக்கிலேயே வாங்கிவிடக்கூடிய தொகை. 2013இல் பங்குச்சந்தைக்கும் வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டிடம் எஞ்சின் இருந்தது, எக்செல் வைத்திருந்த கோடிக்கணக்கான மேசைகளும் இருந்தன. ஆனால் வழியில் ஷேர்பாயிண்ட் என்ற வாசற்காவலாளி நின்றான்.

காவலாளியை வீட்டுக்கு அனுப்பிய ஆண்டு

2015 ஜூலை 24இல் வெளிவந்த பவர் பிஐயில் அந்தக் காவலாளி இல்லை. எக்செல் பதிப்பு பற்றிய கேள்வி இல்லை. டெஸ்க்டாப் செயலி இலவசம். அலுவலக மின்னஞ்சல் ஒன்றைக் கொடுத்தால் இணையக் கணக்குத் திறந்துவிடும். புரோ வேண்டுமானால் மாதம் 9.99 டாலர்.

எக்செல் பயனர்களைப் பிடித்ததால்தான் பவர் பிஐ வென்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. எக்செலோடு கட்டிவைத்திருந்த ஐந்து ஆண்டும் அது நொண்டியது. எக்செல் பழக்கத்தை வைத்துக்கொண்டு, எக்செல் லைசன்ஸை விட்டபோதுதான் ஓடத் தொடங்கியது. சூத்திரம் எழுதும் கை அதே கை. ஆனால் எந்த ஆஃபிஸ் வாங்கினாய் என்று கேட்பவர் இல்லை. தன் பெரிய பொருளிடமிருந்தே சின்னப் பொருளைப் பிரித்துவிடப் பெரிய நிறுவனங்களுக்கு மனம் வராது. 2014இல் சத்யா நாதெல்லா தலைமைக்கு வந்த பிறகு நிறுவனம் போன திசையோடு இது பொருந்தியது.

மின்னஞ்சல் மட்டும் போதும் என்ற ஏற்பாட்டில் ஒரு வேலைப்பாடும் இருக்கிறது. ஊழியர் ஒருவர் தானாகப் பதிவுசெய்தால், அவருடைய நிறுவனத்தின் பெயரில் மைக்ரோசாஃப்ட் கிளவுட்டில் ஓர் இடம் உருவாகிவிடுகிறது. ஐடி துறைக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பின்னால் ஐடி துறை கண் விழித்துப் பார்க்கும்போது ஏற்கெனவே நிறையப் பேர் உள்ளே குடியிருப்பார்கள். டாப்லோவின் வழியையே விலை ஏதுமின்றிச் செய்தார்கள். போதாக்குறைக்கு, மாதாமாதம் புதிய பதிப்பு, பயனர்கள் கேட்டு வாக்களிக்க ஒரு தளம்.

சந்தை உடனே புரிந்துகொண்டது. 2016 பிப்ரவரியில் டாப்லோ பங்கு ஒரே நாளில் ஏறத்தாழப் பாதி மதிப்பை இழந்தது. அதற்கு மைக்ரோசாஃப்ட் மட்டும் காரணம் என்று சொன்னால் அது மிகை. அதே ஆண்டு கிளிக் என்ற இன்னொரு பிஐ நிறுவனத்தை ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கிப் பங்குச்சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. 2019 ஜூனில் ஒரே வாரத்துக்குள் லுக்கர் என்ற பிஐ நிறுவனத்தை கூகிளும், டாப்லோவை 1,570 கோடி டாலருக்கு சேல்ஸ்ஃபோர்ஸும் வாங்குவதாக அறிவித்தன. 2007 திரும்ப நடந்தது. இந்தத் தடவை மைக்ரோசாஃப்ட் யாரையும் வாங்கத் தேவையில்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தது.

பாசிர் பாஞ்சாங்குக்கு அது வந்த விதம்

2016இல் இந்த நிறுவனத்தின் கணக்கு முழுதும் கணக்காளர் அக்காவின் 14 தாள் எக்செல் கோப்பில் இருந்தது. அவரைத் தவிர வேறு யாரும் அதைத் திறந்தால் ஏதாவது உடையும். கல்லாவில் நடக்கும் ரொக்க விற்பனையும் வேன்காரர்கள் கொண்டுவரும் பில்களும் தனித்தனி மென்பொருளிலிருந்து வரும். மாதம் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் எந்தச் சரக்கில் லாபம் என்று முதலாளிக்குத் தெரியும்.

நான் டெஸ்க்டாப்பை இறக்கி ஒரு சனிக்கிழமை மதியம் விற்பனைத் தரவை இணைத்துக் காட்டினேன். செலவு ஒரு வெள்ளி, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலர்கூட இல்லை. "தம்பி, இது எக்செல்தானே? கொஞ்சம் மேக்கப் போட்டிருக்கு" என்றார் அக்கா. அந்த வாக்கியத்தை மைக்ரோசாஃப்ட்டின் உத்திக்குழு காசு கொடுத்துக்கூட வாங்கியிருக்கும். அவர் பயப்படவில்லை, எனக்கு அது போதும். முதலாளி கைப்பேசியில் பார்க்க முடிந்ததும் மீதித் தயக்கமும் போயிற்று.

ஏன் டாப்லோ இல்லை, ஏன் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய திறமூலக் கருவி இல்லை என்றெல்லாம் நாங்கள் உட்கார்ந்து ஆராயவில்லை. ஒப்பந்தப்புள்ளி கேட்கவில்லை. முடிவு எடுத்தோம் என்றே சொல்ல முடியாது. ஒருநாள் இல்லை, மறுநாள் இருந்தது. சிங்கப்பூரில் நான் பார்த்த சிறு நிறுவனங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் நுழைந்திருக்கிறது.

2017இல் வேலி வந்தது. அதுவரை இலவசக் கணக்கு வைத்திருப்பவர்கள் எண்களும் படங்களும் சேர்ந்த திரையான டேஷ்போர்டை ஒருவருக்கொருவர் பகிர முடிந்தது. அந்த ஆண்டு ஜூன் முதல், பகிர்வதற்கும் பகிர்ந்ததைப் பார்ப்பதற்கும் புரோ வேண்டும் என்றார்கள். ஏற்கெனவே பயன்படுத்தியவர்களுக்கு ஓராண்டு புரோ இலவசம். தாராளம் மாதிரித் தெரியும். ஆனால் அந்த ஓராண்டில்தான் வேன்காரர்கள் காலையில் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பப் பழகினார்கள். 2018இல் முதல் ஆறு லைசன்ஸ் வாங்கினோம். 2024இல் 38.

அதே 2017இல் பெரிய நிறுவனங்களுக்கு பிரீமியம் என்ற வேறு வாசல் திறந்தார்கள். ஆள்கணக்கு இல்லை, மாதம் 4,995 டாலர் கொடுத்து ஒரு கணிப்புத்திறன் வாங்கினால், வெறுமனே பார்ப்பவர்களுக்கு லைசன்ஸ் வேண்டாம். 4,995ஐ 9.99ஆல் வகுத்தால் சரியாக 500. பார்ப்பவர்கள் 500 பேருக்குக் கீழ் என்றால் ஆள்கணக்கு லாபம், மேலே போனால் பிரீமியம். இந்த இரண்டு விலையும் தற்செயலாக அமைந்தவை என்று நான் நம்பவில்லை. எங்களுக்கு அந்த வாசல் தேவைப்படவில்லை.

1.07

இனி, உண்மையான பூட்டு எங்கே இருக்கிறது என்று நான் கற்றுக்கொண்ட இடம்.

சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2007 முதல் 7 விழுக்காடாகவே இருந்தது. கல்லா மென்பொருள் வரி சேர்ந்த தொகையை மட்டும் தந்தது. வரியில்லாத விற்பனை வேண்டுமென்றால் 1.07ஆல் வகுக்க வேண்டும். நானும் வகுத்தேன். ஒரு சூத்திரத்தில் அல்ல. நிகர விற்பனை, லாப விழுக்காடு, கிளைவாரி ஒப்பீடு என்று கேட்கக் கேட்க எழுதிய டாக்ஸ் சூத்திரங்களில் எங்கெல்லாம் தேவையோ அங்கெல்லாம் 1.07 என்றே அடித்தேன். ஒரு குறிப்பு: தமிழில் எழுதும்போது இந்த மொழியின் பெயரும் வரிக்கான ஆங்கிலச் சொல்லும் ஒன்றுபோலத் தெரியும். எங்கள் விஷயத்தில் இரண்டும் சேர்ந்தே உதைத்தன.

2023 ஜனவரி 1இல் வரி 8 விழுக்காடானது. கல்லாவில் மாற்றினார்கள், பில்லில் மாற்றினார்கள். என் சூத்திரங்களை யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட. 108 வெள்ளி விற்றால் நிகரம் 100, 1.07ஆல் வகுத்தால் 100.93. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வளர்ச்சி. யாருக்குச் சந்தேகம் வரும்? முதலாளி அந்தக் காலாண்டில் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தார்.

ஏப்ரலில் அக்கா உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குப் பொருள் சேவை வரிக்கான எஃப்5 படிவம் நிரப்பும்போது பிடித்தார். முதல் பெட்டியில் வரியில்லாத விற்பனை மதிப்பைப் போட வேண்டும். அவர் பழைய பழக்கத்தில் அந்தத் தொகையைத் தன் எக்செலிலிருந்து எடுத்தார், டேஷ்போர்டோடு ஒப்பிட்டார், இரண்டும் ஒட்டவில்லை. என்னை அழைத்தார். "தம்பி, உன் மேக்கப் கலைஞ்சிருச்சு."

நல்லவேளை, படிவத்தில் தப்பான எண் போகவில்லை. தவறு முழுக்க என்னுடையது. கருவியின் தவறு இல்லை. திருத்த உட்கார்ந்தபோதுதான் மொத்தம் 63 சூத்திரங்கள் இருப்பதை எண்ணினேன். அடுத்த ஆண்டே 9 விழுக்காடு வரப்போகிறது என்பதால் எண்ணை மட்டும் மாற்றிப் பயனில்லை. தேதிவாரியாக வரிவிகிதம் வைத்த ஓர் அட்டவணை வேண்டும். பழைய பில்லுக்கு இப்போது கொடுக்கும் வரவுக்குறிப்பில் பழைய விகிதம் வர வேண்டும். அது தனித் தலைவலி.

வரியைவிடச் சிக்கலானவையும் அந்த 63இல் இருந்தன. எங்கள் மாதிரிக் கடைக்குத் தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரம்தான் உயிர். 2022இல் தீபாவளி அக்டோபர் 24. 2023இல் நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. போன ஆண்டு அதே மாதத்தோடு ஒப்பிடும் ஆயத்தச் சூத்திரத்தைப் போட்டால், 2023 அக்டோபரில் கடையே மூழ்கிவிட்டதுபோலவும் நவம்பரில் கொட்டோ கொட்டென்று கொட்டியதுபோலவும் காட்டும். அதனால் தீபாவளி, நோன்புப் பெருநாள், பொங்கல், சீனப் புத்தாண்டு எல்லாவற்றுக்கும் ஒரு பண்டிகைக் காலண்டர் செய்து, பண்டிகைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்ற கணக்கில் ஒப்பிடும் சூத்திரங்களை எழுதியிருந்தேன். எழுத மூன்று மாதம் பிடித்தது. பாதியை வேன்காரர்களிடம் பேசித்தான் கற்றேன்.

2025 விலையேற்றம் வந்ததும் மாற்றுக் கருவியைச் சோதித்தேன். திறமூலக் கருவியான மெட்டாபேஸில் இரண்டு நாள். படங்கள் முதல் நாளிலேயே வந்துவிட்டன. தரவும் பிரச்சினை இல்லை. அது எங்கள் டேட்டாபேஸிலேயே இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். வராதது அந்த 63. டாக்ஸ் சூத்திரம் டாக்ஸ் புரியும் எஞ்சினில்தான் ஓடும். ஒவ்வொன்றையும் பிரித்து, என்ன நினைத்து எழுதினேன் என்று நினைவுபடுத்தி, வேறு மொழியில் எழுத வேண்டும்.

அந்தக் காலத்துக் கடைகளில் கணக்குப்பிள்ளை என்று ஒருவர் இருப்பார். இவர் சம்பளமே வேண்டாம் என்று வந்து சேர்ந்தார். ஒன்பது ஆண்டில் பேரேடு முழுக்க அவர் கையெழுத்து. இப்போது சம்பளம் கேட்கிறார். கேட்டது 14 டாலர்தான்.

பயிற்சிக்கு யார் காசு கொடுத்தது

இந்த உத்தியில் இன்னொரு கால் இருக்கிறது. அதை ஊன்றியது மைக்ரோசாஃப்ட் மட்டும் இல்லை.

2016 முதல் 25 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூரர்களுக்குப் பயிற்சிக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 500 வெள்ளி. 2024 மே மாதம் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி. பாலிடெக்னிக்கிலும் தனியார் பயிற்சி நிலையங்களிலும் தரவுப் பகுப்பாய்வு என்று பெயர் போட்ட வகுப்புகளை எட்டிப் பாருங்கள்; திரையில் பெரும்பாலும் பவர் பிஐ இருக்கும். பயிற்சியாளர்களைக் குறை சொல்ல முடியாது. மாணவர் வீட்டுக்குப் போய் இலவசமாக இறக்கிப் பழகக்கூடிய கருவியைத்தான் அவர்கள் எடுப்பார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள்: பொதுப்பணத்தில் பயிற்சி, அதனால் வேலைச் சந்தையில் இந்தத் திறன் தெரிந்தவர்கள், அதனால் வேலை விளம்பரத்தில் இந்தப் பெயர், அதனால் இன்னும் வகுப்புகள்.

அக்கா தன் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வெள்ளியில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்தார். அதே அலுவலகத்தில் தரவு வேலை பார்க்கும் திருச்சிப் பையன் வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவன். அவனுக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஊரில் கல்லூரி விடுதியில் யூடியூப் பார்த்துக் கற்றிருந்தான். இரண்டு பேரும் இரண்டு வழியில் வந்து ஒரே கருவிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். டெஸ்க்டாப் விண்டோஸில் மட்டும் ஓடும் என்பதால் அவன் தன் மேக்புக்கை மூடி வைத்துவிட்டு அலுவலகக் கணினியில் உட்கார்ந்தது தனிக்கதை.

மீட்டர் பொருத்திய கடை

2023 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டின் ஃபேப்ரிக் என்ற தரவுத் தளம் அறிவிக்கப்பட்டது. நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. தரவைச் சேகரிப்பது, சுத்தம் செய்வது, சேமிப்பது, பார்ப்பது எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஒன்லேக் என்ற பொதுச் சேமிப்பில் தரவு டெல்டா என்ற திறந்த வடிவத்தில் உட்கார்ந்திருக்கும். பவர் பிஐ இப்போது அந்தக் கூரையின் கீழ் ஓர் அறை. எதிரே நிற்பவர்கள் கிளவுட் தரவு நிறுவனங்களான டேட்டாபிரிக்ஸும் ஸ்னோஃப்ளேக்கும். டாப்லோ பற்றிய பேச்சே குறைந்துவிட்டது.

2024இல் பழைய பிரீமியம் விற்பனையை நிறுத்தி, எல்லோரையும் ஃபேப்ரிக் கணிப்புத்திறனுக்கு மாற்றும் திட்டத்தை அறிவித்தார்கள். கணிப்புத்திறனில் எஃப்64 என்ற அளவும் அதற்கு மேலும் வாங்கினால்தான் பார்ப்பவர்களுக்கு லைசன்ஸ் வேண்டாம். அதற்குக் கீழ் வாங்கினால் ஆள்கணக்கும் தொடரும். பிறகு 2024 நவம்பரில் புரோ விலையேற்ற அறிவிப்பு, 2015க்குப் பிறகு முதல் முறையாக. மைக்ரோசாஃப்ட் 365 இ5 என்ற பெரிய சந்தா வைத்திருப்பவர்களுக்கு புரோ ஏற்கெனவே அதில் அடக்கம். அவர்களுக்கு இந்த ஏற்றம் இல்லை.

நான்கு டாலரில் கிடைக்கும் வருமானத்துக்காக இதைச் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய 500 என்ற எல்லைக்கோட்டை நினைவிருக்கிறதல்லவா? மாதம் சுமார் 5,000 டாலர் கணிப்புத்திறன் விலை என்று வைத்து, 14ஆல் வகுத்தால் 357. கோடு கீழே இறங்கிவிட்டது. 400 பேர் இருக்கும் நிறுவனத்துக்கு நேற்றுவரை ஆள்கணக்கு லாபம். இன்று ஃபேப்ரிக் லாபம். ஃபேப்ரிக்குக்குள் போனால் அங்கே ஓடுவது மீட்டர். தரவு திறந்த வடிவத்தில் இருக்கிறது, யாரும் பூட்டவில்லை. அதைத் தொடும் ஒவ்வொரு வேலைக்கும் கணிப்புத்திறன் செலவாகும். 1998இல் டேட்டாபேஸ் விற்க பிஐயைக் கொசுறாகக் கொடுத்த அதே கடை, கணிப்புத்திறன் விற்க அதே கொசுறை இப்போது விலையேற்றி நகர்த்துகிறது. இடையில் 27 ஆண்டுகள்.

இதைக் கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். 10 டாலருக்கு அந்த எஞ்சினைக் கொடுத்தவர்கள் வேறு யாரும் இல்லை. எங்கள் மாதிரிக் கடைக்கு 2016இல் பிஐ என்ற ஒன்று கிடைத்ததே அவர்கள் தயவில்தான். ஆனால் 38 பேர் இருக்கும் கடை அந்த உத்தியின் இலக்கு இல்லை. பெரிய மீனுக்கு வீசிய வலையில் நாங்களும் இருக்கிறோம், அவ்வளவுதான்.

பாசிர் பாஞ்சாங்கில் எடுத்த முடிவு

முதலாளி கையெழுத்துப் போட்டார், ஆனால் 38க்கு இல்லை. யார் யார் உண்மையில் திறந்து பார்க்கிறார்கள் என்று பயன்பாட்டுப் பதிவை எடுத்தோம். 11 பேர் மூன்று மாதமாகத் திறக்கவே இல்லை. இன்னும் 9 பேர் காலையில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தைத் திருச்சிப் பையன் பிடிஎஃப்பாக எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான். மீதி 18. மாதம் 252 டாலர். பழைய 380ஐவிடக் குறைவு என்று கேட்டதும் முதலாளி தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாவது வேலை மெதுவாக நடக்கிறது. சூத்திரங்களை டாக்ஸிலிருந்து எடுத்து எங்கள் டேட்டாபேஸிலேயே எஸ்க்யூஎல் பார்வைகளாக, அதாவது டேட்டாபேஸ் மொழியில் சேமித்துவைத்த கேள்விகளாக எழுதுகிறோம். எந்தக் கருவி வந்தாலும் கணக்கு எங்களிடம் இருக்கும். வரிவிகித அட்டவணை முதலில் போனது. 7, 8, 9 என்று மூன்று வரிசை, தேதியோடு. பண்டிகைக் காலண்டர் அடுத்தது. மாதவாரி, ஆண்டுவாரி ஓட்டக் கூட்டல் போன்றவற்றை டாக்ஸிலேயே விட்டுவிட்டேன். அதை அந்த எஞ்சின் செய்வதுபோல வேறெதுவும் செய்யவில்லை, வீம்புக்கு மாற்றுவானேன்.

63இல் 41ஐ வெளியே எடுத்தாயிற்று. டாக்ஸ் தரும் எண்ணையும் எஸ்க்யூஎல் தரும் எண்ணையும் அக்கா ஒவ்வொரு காலாண்டும் எஃப்5 நிரப்பும்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார், தன் 14 தாள் எக்செலையும் திறந்து வைத்துக்கொண்டு. அதை மூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.